மழை வருது, துணி எடுங்க!

1

நேற்றுக் காலையில் கார்க் கண்ணாடி முழுக்க உறைபனி. காலாவதியான வங்கி அட்டை ஒன்றால் அதைச் சுரண்டித் தள்ளிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். இன்றைக்கு அரைக்கைச் சட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பொங்கல் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தெற்கே மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து ஈரமும் வெதுவெதுப்புமாக ஒரு காற்று வீசுகிறது. எதிர்வீட்டுக்காரர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு காரைக் கழுவுகிறார்.

பெங்களூரில், அதே தொம்மலூரில் இருந்துகொண்டு இந்தக் கடிதத்தைப் படிக்கும் பழைய சிநேகிதரான உங்களுக்கு இது வரம் என்று தோன்றும். போன வருஷம் வரை எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் அலபாமா மாநிலத்தில், குளிர்காலத்தில் திடீரென்று ஒருநாள் சுகமாக இருந்தால் பழைய ஆட்கள் சந்தோஷப்படுவதில்லை. வானத்தைத்தான் பார்க்கிறார்கள். கீழேயிருந்து வரும் சூட்டுக் காற்றும் வடக்கே கனடாவிலிருந்து வரும் குளிர்காற்றும் எங்கள் தலைக்கு மேலே வந்துதான் மோதிக்கொள்ளுமாம். என் மகன் அருண் பள்ளியில் படித்துவிட்டு வந்து எனக்குச் சொன்ன பாடம் இது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லித் திரிந்தவன் நான். இங்கே தை மாதத்தில் கூரையே பறக்கிறது.

உள்ளே என் மனைவி விஜயா துவைத்த துணியைக் கூடையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். கொடியில் போடலாமா, வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவள் முடிவு செய்கிற வரைக்கும் நான் எழுதலாம்.

2

எனக்குக் கல்யாணம் ஆனதே ஒரு மெட்ராஸ் புயலால்தான். விஜயாவுக்கு இப்படிச் சொன்னால் பிடிக்காது. ஆனால் அதுதான் நிஜம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வாணியம்பாடியிலிருந்து பெங்களூருக்கு வேலை தேடி வந்து, பீன்யாவில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தேன். குடியிருந்தது மட்டும் நகரத்தின் மறுகோடியில், தொம்மலூரில். அங்கே வாடகை குறைவு, தமிழ் பேச ஆள் உண்டு. நான்கு குடித்தனம் இருந்த வீட்டில் கீழே ஒற்றை அறை என்னுடையது. மாடியில் விஜயாவின் குடும்பம். பக்கத்துப் போர்ஷனில் கிரிஜம்மா, கன்னடக்காரர். பின்பக்கம் மும்தாஜ் ஆப்பா, உருதுக்காரர்; ஆப்பா என்றால் அக்கா. நான்கு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மொட்டைமாடி, நான்கு கொடிக்கயிறு.

டிசம்பர் வந்தால் ரேடியோவில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்பார்கள். மெட்ராஸில் மரம் சாயும், கடலூரில் கூரை போகும். எங்களுக்கு வருவது அதன் வால் மட்டும்தான். பொசுபொசுவென்று தூறல், எலும்பைத் தொடும் குளிர், குரங்குக் குல்லாய், கடைசியில் மிளகாய் பஜ்ஜி. புயல் என்பது எங்களுக்கு எப்போதும் அடுத்தவர் வீட்டுச் சங்கதி. அடுத்த நாள் பேப்பரில் படம் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, காப்பியைக் குடிப்போம்.

அந்தத் தூறலுக்கு நடுவே திடீரென்று வெயில் முகம் காட்டும். அவ்வளவுதான், வீட்டில் இருக்கும் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வை, ஜமக்காளம், ஸ்வெட்டர், நான்கு நாள் ஈரத் துணி எல்லாம் மாடிக்கு ஏறிவிடும். பெங்களூர் வெயிலை நம்பக் கூடாது. ஒரு மணி நேரத்தில் கறுத்துக்கொண்டு வரும். முதலில் யார் கண்ணில் மேகம் படுகிறதோ அவர் குரல் கொடுக்க வேண்டும். கிரிஜம்மா பார்த்தால், "மளெ பந்த்து!" ஆப்பா பார்த்தால், "பானி ஆரா!" விஜயா பார்த்தால், "மழை வருது, துணி எடுங்க!" எந்தப் பாஷையில் கேட்டாலும் நான்கு வீட்டுக் கால்களும் படியேறும்.

மேலே போனால் ஒரு முறை இருந்தது. முதலில் அடுத்த வீட்டுத் துணி, கடைசியில்தான் நம்முடையது. இதை யார் வகுத்தார்களோ தெரியாது. விஜயாவிடம் கேட்டால் சட்டென்று சொல்வாள்: "நம்ம துணி நனைஞ்சா நமக்குள்ள போச்சு. அவங்க துணி நனைஞ்சா அவங்க மூஞ்சிய எப்படிப் பாக்குறது?"

நான் பீன்யாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேரும்போது இருட்டிவிடும். அந்த டிசம்பரில், நாளெல்லாம் மழை பெய்த நாட்களில்கூட, என் சட்டைகள் காய்ந்து, மடித்து, வாசலில் இருந்த ஸ்டூலின் மேல் இருக்கும். மேலே ஈரம் படாமல் ஒரு பிளாஸ்டிக் பை. நான் ஆப்பா என்று நினைத்து ஆப்பாவுக்கு நன்றி சொன்னேன். ஆப்பா சிரித்தார். "நான் மடிச்சா இவ்ளோ அழகா இருக்குமா தம்பி? மேல் வீட்டுல கேளு." கேட்டேன். அடுத்த வைகாசியில் கல்யாணம்.

3

இங்கே வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கார் உதிரி பாகங்கள் செய்யும் ஆலையில் எனக்கு வேலை. ஊருக்கு வெளியே வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், ஒன்று எங்களுடையது. குடியேறிய முதல் மாதமே விஜயா பின்பக்கத்து இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டினாள். அடுத்த வாரம் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு கடிதம். துணியை வெளியே பிறர் பார்வையில் படும்படி உலர்த்துவது விதிமீறல். மிகவும் மரியாதையான கடிதம். மறுபடி செய்தால் அபராதம் என்பதையும் அதே மரியாதையோடு சொல்லியிருந்தார்கள்.

நான் சங்கத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். எங்கள் ஊரில் அரசாங்கக் குடியிருப்பில் மந்திரியின் வேட்டிகூட வெளியேதான் காயும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விதிமுறைப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். துணி தொங்கினால் வீட்டு விலை இறங்குமாம்.

"காயப்போட்ட துணிக்கு என்னங்க வெக்கம்?" என்றாள் விஜயா. கயிற்றை அவிழ்த்து, சுருட்டி, அடுப்படி அலமாரியில் வைத்தாள். அன்று முதல் எங்கள் துணியும் ஊரார் துணி போல மெஷினுக்குள் சுழன்று, வெயிலின் வாசனை இல்லாமல் வெளியே வந்தது. அருண் அந்த வாசனையை அறியாமலே வளர்ந்தான். நாலு வயதில் இங்கே வந்தவன். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். பின்பக்க மரத்தளத்தை விஜயா மொட்டைமாடி என்றே சொல்லிக்கொண்டிருந்ததால், அவனும் நண்பர்களிடம் அதை அப்படியே சொல்லி வைத்திருந்தான். எங்களிடமிருந்து அவன் எடுத்துக்கொண்டது அந்த மாதிரி நாலைந்து சொல்தான் என்று நான் குறைபட்டுக்கொள்வது உண்டு.

பக்கத்து வீட்டில் இருப்பவர் மிஸ் டாரத்தி. எண்பதை நெருங்குகிறவர், தனியாக இருக்கிறார். இந்தப் பக்கத்தில் வயதான பெண்களைப் பேருக்கு முன்னால் 'மிஸ்' போட்டுத்தான் கூப்பிட வேண்டும். நம் ஊரில் அக்கா, ஆப்பா என்பது போல. அது தெரிந்த நாளிலிருந்து விஜயாவுக்கு அவரோடு ஒட்டிக்கொண்டது. இவள் இட்லி கொடுப்பாள், அவர் பீக்கான் கொட்டை போட்ட இனிப்பு கொடுப்பார். பேச்சில் பாதி சைகைதான்.

4

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தின வாரம் முழுக்க உறைபனி. அன்று காலையில் கதவைத் திறந்தால் தொம்மலூர்! அதே வெதுவெதுப்பு, அதே ஈரக் காற்று, மஞ்சளாக வெயில்.

"என்னா பிசிலு பாருங்க!" என்றாள் விஜயா. வெயிலுக்கு அவள் வாயில் கன்னடச் சொல்தான் முதலில் வரும். "சும்னே உக்காந்துட்டு இருக்கீங்க. ரஜாயெல்லாம் எடுங்க. விதியாவது ஒண்ணாவது!"

அலமாரியிலிருந்து பழைய கயிறு வெளியே வந்தது. ரஜாய்கள், போர்வைகள், பெங்களூரிலிருந்து கொண்டுவந்த ஜமக்காளம் எல்லாம் ஏறின. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மிஸ் டாரத்தி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய், ஒட்டுத்துணிகளால் தைத்த ஒரு பழைய போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய அம்மா தைத்தது. இதை வெயிலில் போட்டு வெகுகாலம் ஆகிறது, எனக்கும் ஒரு கயிறு கிடைக்குமா என்று கேட்டார். விஜயா மீதிக் கயிற்றை அவர் பக்கத்து மரத்தில் கட்டிவிட்டு வந்தாள். இரண்டு பெண்களும் திருட்டு மாங்காய் தின்ற பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள்.

மதியம் அருண் டி.வி.யைக் காட்டி ஏதோ சுழற்காற்று 'வாட்ச்' என்றான். இங்கே 'வாட்ச்' ஒன்று, 'வார்னிங்' ஒன்று. எது பெரியது என்பது எனக்கு அதுவரை மண்டையில் ஏறவே இல்லை. முதலாவது என்றால் வரலாம், இரண்டாவது என்றால் வந்துவிட்டது என்று அவன் பலமுறை சொல்லியிருக்கிறான். இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்று ரேடியோ சொன்ன நாளில் குடை எடுக்காமல் போயே பழகிய ஆள் நான். "நமக்குத் தூறல்தான்டா" என்று சொல்லிவிட்டுக் கண்ணயர்ந்தேன்.

எழுப்பியது ஊரின் அபாயச் சைரன். அரைத் தூக்கத்தில் பீன்யாவில் ஷிஃப்ட் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஜன்னலில் வெளிச்சம் பச்சையாக இருந்தது. அருண் என் கையைப் பிடித்து இழுத்தான். "அப்பா, கெட் அப்! மாடிப்படிக்கு அடியில போகணும்!"

மாடிப்படிக்கு அடியில் ஒரு சாமான் அறை உண்டு. ஜன்னல் இல்லாத இடம் அதுதான். எங்கள் வீட்டில் அதற்குள் என்ன இருக்கும்? அரிசி மூட்டை, ஊருக்குப் போகும் பெட்டிகள், இட்லி அண்டா. நானும் அவனும் மூட்டைகளை வெளியே இழுத்துத் தள்ளினோம். ஆள் உட்கார இடம் ஆனதும் திரும்பிப் பார்க்கிறேன், விஜயா இல்லை.

"அம்மா எங்கடா?"

பின்கதவு திறந்து கிடந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. வானம் கறுத்தால் இந்த ஊர்க்காரர்கள் கீழே ஓடுவார்கள், உள்ளே ஓடுவார்கள். தொம்மலூர்க்காரி மேலே ஓடுவாள், வெளியே ஓடுவாள். துணி எடுக்கப் போய்விட்டாள். அதுவும் நம் துணியை அல்ல, முதலில் அடுத்த வீட்டுத் துணியை.

நான் எழுந்திருப்பதற்குள் அருண் என்னைத் தாண்டிக்கொண்டு வெளியே பாய்ந்தான். பின்னாலேயே ஓடினேன். மரத்தளத்துக்குப் போகும்போது எங்கள் ரஜாய்கள் கொடியில் கிடைமட்டமாகப் பறந்துகொண்டிருந்தன. ஒன்றைக்கூட அவள் தொட்டிருக்கவில்லை. மேற்கே வானம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரயில் வருவது போலச் சத்தம் கேட்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பழைய பீன்யாத் தொழிற்சாலையின் உலை ஊதும் சத்தம்தான் கேட்டது, நூறு உலை சேர்ந்தாற்போல.

விஜயா மிஸ் டாரத்தியின் பின்கதவிலிருந்து வந்துகொண்டிருந்தாள். ஒரு தோளில் அந்தப் போர்வை, இன்னொரு கையில் மிஸ் டாரத்தி. போர்வையைக் கொடுக்கப் போனவள், காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்திருக்கிறாள். அப்படியே எழுப்பி, செருப்புகூடப் போடவிடாமல் இழுத்து வந்துவிட்டாள். அருண் வேலியைத் தாண்டிப் போய் மறுபக்கம் தாங்கிப் பிடித்தான். அப்போது பிள்ளைகள் குதித்து விளையாடும் டிராம்போலினின் பெரிய இரும்பு வளையம் ஒன்று, எந்த வீட்டுடையதோ, உருண்டு பறந்து வந்து அருணின் முதுகுக்கும் வேலிக்கும் நடுவே தரையில் மோதி, எழும்பிப் போனது. அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். விஜயா பார்த்தாள்.

நாலு பேரும் அரிசி மூட்டை இருந்த இடத்தில் ஒடுங்கிக்கொண்டோம். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி அருண் எல்லோர் தலையையும் குனியவைத்து, பின்கழுத்தில் கைகளைக் கோக்கச் சொன்னான். மிஸ் டாரத்தி ஜபம் சொன்னார். விஜயா அருணின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காது அடைத்தது. வீடு ஒரு தடவை மூச்சை உள்ளிழுத்து விட்டது. பிறகு வெறும் மழைச் சத்தம்.

வெளியே வந்தபோது எங்கள் வீட்டில் ஜன்னல்களும் பாதி ஓடுகளும் போயிருந்தன. மிஸ் டாரத்தியின் வீட்டில் கூரையே இல்லை. அவர் படுத்திருந்த கட்டிலின் மேல் உத்தரம் ஒன்று கிடந்தது. எங்கள் ரஜாய்களைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. தெருவில் ஒருவர் உயிரும் போகவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் கை கூப்பத் தோன்றுகிறது.

5

மறுநாள் பூந்தூறலாகப் பனி விழுந்தது. முந்தின நாள் பனியனோடு நின்ற இடத்தில் கோட்டும் கையுறையுமாக நின்று கண்ணாடித் துண்டு பொறுக்கினோம்.

தெருவே விஜயாவைக் கொண்டாடியது. மிஸ் டாரத்தியின் மகள் வேறு ஊரிலிருந்து ஓடி வந்து, இவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சங்கத் தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தார். அவள் எல்லோருக்கும் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மேகம் கொஞ்சம் கறுத்தால் போதும், மாடிப்படி அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

"ஒரு உசிரக் காப்பாத்தியிருக்க விஜி. ஏன் இப்படி இருக்க?" என்று கேட்டேன்.

"நான் துணிக்கு ஓடினேங்க. அவன் எனக்காக ஓடி வந்தான். அந்த இரும்பு ஒரு சாண் தள்ளி வந்திருந்தா?" என்றாள். "எங்க ஊர்ல மழைக்கு ஓடினா சட்டைதான் நனையும். இது என்னா ஊருங்க? நல்ல பிசிலக்கூட நம்ப முடியாத ஊரு! நாம போயிடலாம்."

டிக்கெட் எடுத்துவிடலாம், தொம்மலூருக்கே போய்விடலாம். ஆனால் அந்த நான்கு குடித்தன வீடு இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த ஆபீஸ் வந்துவிட்டது என்று நீங்கள்தானே எழுதினீர்கள். அதைவிட, மழையைக் கண்டதும் படியேறி ஓடுகிற அந்தப் பெண்ணை எங்கே போய்த் தேடுவது? பதினோரு வருஷம் ஊரை நினைத்து ஏங்கியதைவிட அந்த ஒரு வாரம் அவளை நினைத்து அதிகம் ஏங்கினேன், அவள் பக்கத்திலேயே இருக்கும்போது.

6

கரண்ட் வரப் பல நாள் ஆனது. பெங்களூரில் கரண்ட் போனால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் பேச உட்காருவோம். இங்கே கை ஒடிந்த மாதிரி ஆகிவிடுகிறார்கள். தெரு முழுக்க நனைந்த துணி, நனைந்த கம்பளம். உலர்த்தும் மெஷின் எதுவும் ஓடாது. குளிர் சற்று விட்டு வெயில் வந்த அன்று, எங்கள் வாசல் மணிக்குப் பதில் கதவு தட்டும் சத்தம். சங்கத் தலைவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, உங்கள் மனைவியிடம் கயிறு இருக்கிறதா என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விஜயாகூட லேசாகச் சிரித்தாள். "குடுங்க. முடிச்சு எப்படிப் போடறதுன்னு நீங்களே காட்டிடுங்க" என்று கயிற்றை என்னிடம் தந்தாள். வாசலைத் தாண்டவில்லை. நானும் அருணும் போய், நிற்கிற மரங்களுக்கு நடுவே கட்டினோம். மத்தியானத்துக்குள் தெருவின் இரண்டு பக்கமும் கொடி. சட்டை, போர்வை, குழந்தைக் குல்லாய், சங்கத் தலைவரின் உள்ளாடை வரை நாலு பேர் பார்வையில் படும்படி தொங்கியது. எந்த வீட்டு விலையும் இறங்கியதாகத் தகவல் இல்லை.

சாயங்காலம் வடமேற்கில் ஒரு மேகம் ஏறியது. நான் உள்ளே ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தேன். விஜயா அதைப் பார்த்துவிட்டு மாடிப்படிப் பக்கம் திரும்பினாள். அப்போது தெருவிலிருந்து அருணின் குரல் கேட்டது. பதினைந்து வயதுக் கட்டைக் குரல், அம்மா சொல்லிக் கேட்ட தொம்மலூர் மாடியின் அதே ராகம்.

"மழை வருது! துணி எடுங்க! அம்மா, மழை வருதும்மா!"

அவன் யாருக்குக் கத்தினானோ, தெருவே கேட்டது. தமிழ் தெரியாத அத்தனை வீட்டுக் கதவும் திறந்தது. விஜயா வாசற்படியில் வந்து நின்றாள். கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சைரன் ஊதுச்சாடா?"

"இல்லம்மா."

"டி.வி.ல... சரி, கரண்ட் இல்ல. ரேடியோல?"

"நான் கேட்டேம்மா. ஒண்ணும் இல்ல. ஜஸ்ட் மழை." அவன் ஓடி வந்து படிக்குக் கீழே நின்றான். "நமக்குத் தூறல்தாம்மா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு மேகத்தைப் பார்த்தாள். முதல் சொட்டு விழுந்தது. புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். மிஸ் டாரத்தியின் அம்மா தைத்த போர்வையை முதலில் உருவினாள். அப்புறம் எதிர்வீடு, அப்புறம் சங்கத் தலைவர் வீடு. அவள் எடுக்கிற வரிசையைப் பார்த்து மற்றவர்களும் கைக்குக் கிடைத்த அடுத்த வீட்டுத் துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். யார் சட்டை யார் வீட்டுக்குப் போனது என்று பிரிக்க மறுநாள் முழுக்க ஆனது.

எங்கள் கொடி தெருக்கோடியில் இருந்தது. அங்கே போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அந்தத் தெருவில் நனைந்தது எங்கள் வீட்டுத் துணி மட்டும்தான்.